மண்ணில் வாழும் கண்ணாடிப் பாசி



பாகூர் கொம்யூனில் ஒரு கிராமத்துக்குக் கோடையில் போயிருந்தேன். நவரை அறுப்பு முடிந்து கழனியில் தாள் மட்டும் நின்றது. இரண்டு நாள் முன்பு பெய்த கோடை மழையில் மண் நனைந்து, மேலாக ஒரு பழுப்பு நிறப் படலம் படர்ந்திருந்தது. எண்ணெய் தடவினாற்போல் மினுமினுப்பு. அந்தக் கழனிக்குச் சொந்தக்காரரான அம்மா என்னைப் பார்த்ததும் இரண்டு கேள்வி கேட்டார்.

"சார், இது இன்னா சார் நோவு? துருசு போட்டா போவுமா?"

இது முதல் கேள்வி. இரண்டாவது கேள்வியைக் கொஞ்சம் தயங்கித்தான் கேட்டார். "சூளைக்காரங்க வந்து ஒரு அடி மேல்மண்ணு கேக்கறாங்க. குடுத்துட்டா பயிருக்கு எதுனா ஆவுமா?"

இரண்டும் வேறு வேறு கேள்வி மாதிரி தோன்றும். உண்மையில் இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. அது மண்ணின் மேல் தோல். அந்தத் தோலில் வாழும் ஒரு சின்னஞ்சிறு உயிரின் சரித்திரத்தைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

அந்தப் பழுப்புப் படலம் நோயல்ல. அதில் பெரும்பங்கு டயாட்டம் என்னும் பாசி. ஏரிப் பாசி பச்சையாக இருக்கும், இது பொன் பழுப்பாக இருக்கும். பச்சையத்தோடு ஒரு பழுப்புச் சாயமும் இதற்குள் இருப்பதே காரணம். கடலிலும், ஆற்றிலும், குளத்திலும், ஈர மண்ணிலும் இது வாழ்கிறது. உலகில் பச்சைத் தாவரங்கள் எல்லாம் சேர்ந்து சூரிய ஒளியால் செய்யும் உணவுத் தயாரிப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை டயாட்டங்களே செய்கின்றன என்பது விஞ்ஞானிகள் கணக்கு. மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது என்பது இதற்கே பொருந்தும்.

இதன் விசேஷம் இதன் ஓடு. மற்ற செடிகொடிகளின் செல்லுக்கு நார்ச்சுவர். டயாட்டத்துக்குக் கண்ணாடிச் சுவர். தண்ணீரில் கரைந்திருக்கும் சிலிக்காவை உறிஞ்சி, அதைக் கொண்டு தனக்கு ஒரு பெட்டியைக் கட்டிக் கொள்கிறது. மூக்குப்பொடி டப்பாவை நினைத்துக் கொள்ளுங்கள். அடிப்பாகம் ஒன்று, அதன்மேல் கவிழும் மூடி ஒன்று. உயிர் உள்ளே. இனம் பெருகும்போது டப்பா இரண்டாகப் பிரியும். ஆளுக்கு ஒரு பாதியை மூடியாக வைத்துக்கொண்டு, புதிதாக ஓர் அடிப்பாகத்தை உண்டாக்கிக் கொள்ளும். அடிப்பாகம் மூடியைவிடச் சிறியதாகத்தானே இருக்க வேண்டும்? ஆகையால் தலைமுறை செல்லச் செல்ல வம்சத்தில் பலவும் உருவத்தில் குறுகிக்கொண்டே வரும். ஓர் அளவுக்குக் கீழே போனதும், ஆண் பெண் கூடுதல் மாதிரி ஒரு முறையில் சேர்ந்து, மறுபடி முழு அளவுக்கு வளர்ந்துவிடும்.

இனி சரித்திரத்துக்கு வருவோம்.

1703ஆம் ஆண்டு. இங்கிலாந்தில் பெயர் தெரிவிக்காத ஒரு கனவான், குளத்துப் பாசிவேரைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். சதுரம் சதுரமாகக் கோத்த சரடு போல ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பதை லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். டயாட்டத்தைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள முதல் குறிப்பு அதுதான். அவருக்கு அது இன்னதென்று தெரியாது. அடுத்த நூறு ஆண்டுக்கு மேலாகியும் அது செடியா, பிராணியா என்ற வழக்கு தீரவில்லை. ஏனென்றால் இவற்றில் பல நகர்கின்றன! செடி நகருமா? 1834 வாக்கில் ஜெர்மனியைச் சேர்ந்த கூட்சிங் என்பவர்தான் இதன் ஓடு சிலிக்காவால் ஆனது என்று கண்டு சொன்னார். அவர் மருந்துக் கடையில் வேலை பார்த்துக் கொண்டே பாசி ஆராய்ச்சி செய்தவர்.

அதே காலத்தில் பெர்லின் நகரில் எஹ்ரென்பெர்க் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். 1795இல் பிறந்து 1876இல் மறைந்தவர். உலகத்தின் எந்த மூலையிலிருந்து ஒரு சிட்டிகை மண் வந்தாலும் அதை நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பது அவர் வழக்கம். உலர்ந்த செடி மாதிரிகளின் வேரில் ஒட்டியிருந்த மண்ணைக்கூட விடவில்லை.

பெரிய விஞ்ஞானி சார்லஸ் டார்வின் கப்பல் பயணம் போன கதை பலருக்குத் தெரியும். 1832 ஜனவரி 16ஆம் தேதி கேப் வெர்டே தீவில் நங்கூரம் போடப் போகும் காலையில், கப்பலின்மேல் பழுப்புத் தூசி படிந்திருந்தது. டார்வின் அதில் கொஞ்சத்தைச் சேர்த்துப் பொட்டலம் கட்டினார். பிறகு வேறு நான்கு பொட்டலத் தூசியும் அவருக்குக் கிடைத்தது. ஐந்தையும் எஹ்ரென்பெர்க்குக்கு அனுப்பினார். அந்தத் தூசியில் 67 வகை உயிர் உருவங்கள் இருந்தன. நடுக்கடலில் விழுந்த தூசி. ஆனால் இரண்டே இரண்டு நீங்கலாக அந்த நுண்ணுயிர் வகைகள் எல்லாம் நன்னீரில் வாழ்பவை! அதாவது எங்கோ தரையில், வற்றிய நீர்நிலையிலிருந்து காற்று அள்ளிக்கொண்டு வந்தது. இன்று நமக்குத் தெரியும், ஆப்பிரிக்காவின் சாட் நாட்டில் பழங்காலத்தில் வற்றிப்போன ஒரு மாபெரும் ஏரியின் படுகைதான் உலகத்திலேயே அதிகமாகத் தூசி கிளம்பும் இடம். அந்தத் தூசியில் பெரும்பகுதி டயாட்டம் ஓடு. ஏரி வற்றினால் அதன் வண்டல் கடல் கடந்து போகிறது. ஏரிப் பாசனக்காரர்களான நாம் மனத்தில் வைத்துக் கொள்ள வேண்டிய செய்தி இது.

நம் கதாநாயகனுக்கு முதலில் பெயர் வைத்தவரும் இதே எஹ்ரென்பெர்க்தான். ஆண்டு 1843. 'ஆம்ஃபியாக்சிஸ்' என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில், இரண்டு முனையும் கூரானது என்று பொருள். 1880இல் ஆஸ்திரிய நாட்டு குருனோவ், ஹாண்ட்ஸ் என்ற டயாட்டம் ஆர்வலரின் பெயரால் தாம் அமைத்திருந்த 'ஹாண்ட்ஸியா' குடும்பத்தில் அதைச் சேர்த்தார். முழுப்பெயர் ஹாண்ட்ஸியா ஆம்ஃபியாக்சிஸ். பெயர் வாயில் நுழையாவிட்டால் போகட்டும். அடையாளம் சொல்கிறேன்.

நம் பக்கத்துப் பருப்பு விதை, அவரை விதையைக் கவனித்திருப்பீர்கள். ஒரு பக்கம் வளைந்து உப்பியிருக்கும், மறுபக்கம் நேராக அல்லது சற்றே குழிந்திருக்கும். இதன் வடிவமும் அப்படித்தான், ஆனால் நீளம் அதிகம். இரண்டு முனையும் ஒடுங்கி, நுனியில் ஒரு சிறு குமிழ். நீளம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு செய்தால் அதில் 30 முதல் 60 பங்கு. இருபது பேர் வரிசையாகப் படுத்தால்தான் ஒரு மில்லிமீட்டர். உள்ளே பொன் பழுப்பு நிறப் பசுங்கணிகம் இரண்டு, நடுவுக்கு இந்தப்புறம் ஒன்று, அந்தப்புறம் ஒன்று.

ஓட்டின் குழிந்த ஓரத்தில் ஒரு மெல்லிய பிளவு ஓடுகிறது. அது கால்வாய் மாதிரி. அதன் குறுக்கே கண்ணாடியாலேயே சிறு சிறு பாலங்கள். இந்தப் பிளவு வழியாகப் பசை போன்ற ஒரு திரவம் கசியும். அந்தப் பசையின் உதவியால் மண் துகள்மேல் ஊர்ந்து போகிறது. சூரியன் இதமாக இருந்தால் மேலே வரும், வெயில் சுட்டால், மண் காய்ந்தால் உள்ளே இறங்கும். இதன் நெருங்கிய உறவான நிட்ஸ்கியாவுக்கும் இந்தப் பிளவு உண்டு. ஆனால் அதில் மூடியின் பிளவு ஒரு பக்கமும் அடிப்பாகத்தின் பிளவு எதிர்ப்பக்கமுமாக இருக்கும். ஹாண்ட்ஸியாவில் இரண்டும் ஒரே பக்கம். இதை வைத்தே தனிக் குடும்பம் என்று பிரித்தார்கள்.

வாழிடம் எது? உலகமெங்கும். வயல்மண், தோட்ட மண், பாறைப் பாசி, சுவர் ஓரம் எங்கும் உண்டு. அண்டார்டிகாவிலும் உண்டு. ஒரே இனம் என்று நினைத்தது உண்மையில் ஒன்றுபோல் தோன்றும் பல இனங்களின் கூட்டம் என்று இப்போதைய ஆராய்ச்சி காட்டுகிறது.

இந்த உயிர் உழுத மண்ணின் நிரந்தரக் குடி என்று காட்டியவர் ஒரு பெண்மணி. பெயர் மியூரியல் பிரிஸ்டல். இங்கிலாந்தில் 1843இல் தொடங்கிய ராத்தம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியவர். பல பத்தாண்டுகளுக்கு முன்பே காயவைத்துப் போத்தலில் அடைத்திருந்த மண்ணை எடுத்து, தண்ணீர் ஊற்றி, வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். பாசிகள் உயிர் பெற்று எழுந்தன! 1919இல் அதை வெளியிட்டார். அடுத்த ஆண்டு, பயிரிடும் மண்ணில் வழக்கமாகக் காணப்படும் பாசிக் கூட்டம் இன்னதென்று எழுதியபோது, முக்கியமானவற்றுள் ஹாண்ட்ஸியா ஆம்ஃபியாக்சிஸ் பெயரும் இருந்தது.

இந்த அம்மையாரைப் பற்றி ஒரு சுவையான கதை உண்டு. கோப்பையில் பாலை முதலில் ஊற்றினார்களா, தேயிலைச் சாற்றை முதலில் ஊற்றினார்களா என்பதைக் குடித்தே சொல்லி விடுவேன் என்றாராம். அங்கே வேலை பார்த்த கணித மேதை ஃபிஷர், எட்டுக் கோப்பையை, நாலு இப்படி நாலு அப்படி என்று கலந்து, மாற்றி மாற்றிக் கொடுத்துச் சோதித்தார். குருட்டாம்போக்கில் அத்தனையும் சரியாகச் சொல்ல 70இல் ஒரு வாய்ப்புத்தான். இந்தச் சோதனை முறையை ஃபிஷர் 1935இல் வெளியிட்ட நூலில் எழுதினார். இன்று உங்கள் ஊரில் ரகச் சோதனைத் திடல் போடும்போது, 'ஏன் சார் பாத்தியை இப்படி மாத்தி மாத்திப் போடறீங்க?' என்று கேட்கிறீர்களே, அந்த முறையை வகுத்தவரும் இதே ஃபிஷர்தான். மண் பாசியும், தேநீரும், திடலும் ஓர் இடத்தில் கலந்த கதை இது.

பெல்ஜியத்தில் கெண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார்கள். குளத்து டயாட்டம், மண்வாழ் டயாட்டம் இரண்டின் உறக்க நிலைச் செல்களையும் உலர வைத்தும், உறைய வைத்தும் சோதித்தார்கள். மண்வாழ் இனங்கள் தாங்கின. குளத்து இனங்களால் அப்படித் தாங்க முடியவில்லை. 2013இல் இது வெளிவந்தது. பிறந்த வீட்டுக்கு ஏற்ற வைராக்கியம் என்று சொல்லலாம். நம் கழனி சித்திரை வெயிலில் வெடித்துக் கிடக்கும்போது, அந்த வெடிப்புக்குள் இவை உறங்கிக் கிடக்கின்றன. முதல் மழை எழுப்பி விடுகிறது.

நம் நாட்டுக் கதை என்ன? புதுச்சேரித் தாவரவியல் பூங்கா 1826இல் தொடங்கியது. அதை நிர்வகித்து, 1870இல் இங்கேயே மறைந்த பெரோத்தே என்பவர், நீலகிரியில் பூவாத் தாவரங்களைச் சேகரித்துப் பாரிசுக்கு அனுப்பினார். மோந்தாய்ஞ் என்ற அறிஞர் 1842இல் அவற்றை வெளியிட்டார். நம் ஊர்க்காரர் கையிலிருந்து போன சரக்கு என்று நாம் பெருமைப்படலாம். இந்திய டயாட்டங்களைப் பற்றி எஹ்ரென்பெர்க் 1845இல் எழுதினார். இலங்கை டயாட்டங்களைப் பற்றி 1879இல் பிரெஞ்சுக்காரர் ஒருவர் பட்டியல் வெளியிட்டார். தென்னிந்திய டயாட்டங்களைப் பற்றி ஜி. வெங்கட்ராமன் 1939இல் எழுதினார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஓ.பி. ஐயங்கார், அவருக்குப் பின் டி.வி. தேசிகாச்சாரி என்று ஒரு பாசியியல் பரம்பரையே உருவானது. நம் மண்ணின் பாசிகளைப் பற்றி ஏ.கே. மித்ரா 1951இல் எழுதினார். மேற்கு இந்தியாவில் எச்.பி. காந்தி நன்னீர் டயாட்டங்களை ஆராய்ந்தார். இன்று புனேயில் அகார்கர் ஆராய்ச்சி நிறுவனம் அந்தப் பணியைத் தொடர்கிறது.

விவசாயத்துக்கு மிகவும் பயன்பட்ட செய்தி 1939இல் வந்தது. நெல் வயலில் நீலப்பச்சைப் பாசி காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து வைக்கிறது என்று பி.கே. டே என்ற வங்காள விஞ்ஞானி காட்டினார். நீலப்பச்சைப் பாசி, அசோலா என்று நாங்கள் ஊர் ஊராகப் பொட்டலம் கொண்டு வந்து கொடுத்தோமே, அதன் வேர் அங்கேதான் இருக்கிறது. டயாட்டம் தழைச்சத்துப் பிடிக்காது. அதே படலத்தில் நீலப்பச்சைப் பாசியும் சேர்ந்து வாழும். ஒன்றைக் கொல்லப் போட்ட மருந்து மற்றதையும் கொல்லும்.

இங்கே என் தவறு ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லி விடுகிறேன். வேலைக்கு வந்த புதிதில், வில்லியனூர் பக்கம் ஒரு விவசாயி இதே பழுப்புப் படலத்தைக் காட்டினார். நானும் யோசிக்காமல், 'மயில்துத்தத்தை மூட்டையாகக் கட்டி மடையில் வையுங்கள்' என்று சொல்லி விட்டேன். படலம் போனது. பயிருக்கு ஒரு லாபமும் இல்லை, அவருக்குப் பணம்தான் செலவு. பிறகு ஒரு நாள் ஒரு கல்லூரி நுண்ணோக்கியில் அந்த மாதிரி படலத்தை வைத்துப் பார்த்தேன். கண்ணாடிப் படகுகள் இங்குமங்கும் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தன. நோய் என்று நினைத்து நாம் கொன்றது இவற்றைத்தானா என்று வெட்கமாக இருந்தது.

இதனால் மண்ணுக்கு என்ன நன்மை? டயாட்டம் கசியும் பசை மண் துகளை ஒட்ட வைக்கிறது. கோடைக் காற்றும் மழைத்துளியும் மேல்மண்ணை எளிதில் அடித்துப் போகாது. பகலில் பிராணவாயுவை விடுகிறது. செத்தால் மட்கிச் சத்தாகிறது. ஓட்டிலுள்ள சிலிக்கா மெதுவாகக் கரைந்து மண்ணுக்குத் திரும்புகிறது. நெல்லும் சிலிக்காவை விரும்பும் பயிர். வைக்கோல் கையை அறுப்பதும், உமிச் சாம்பலில் பெரும்பங்கு சிலிக்காவாக இருப்பதும் அதனால்தான். சிலிக்கா போதுமான பயிர் நிமிர்ந்து நிற்கும், குலை நோய் எளிதில் தாக்காது. ஜப்பானில் 1955 முதலே சிலிக்கா உரத்தை அரசு அங்கீகரித்திருக்கிறது. நாம் வைக்கோலையும் உமியையும் மொத்தமாக விற்றுவிட்டுப் பிறகு சிலிக்கா டப்பா தேடிக் கடைக்குப் போவது நியாயமா? உமிச் சாம்பலையாவது கழனிக்குத் திருப்புங்கள்.

செத்த டயாட்டத்துக்கும் மதிப்பு உண்டு. பழங்கால ஏரிகளில் படிந்த ஓட்டு மண்ணில் வெடிமருந்தை ஊற வைத்துத்தான் 1867இல் ஆல்ஃபிரட் நோபல் டைனமைட் செய்தார். அதே மண்ணைப் பொடியாக்கித் தானியத்தில் கலந்தால் வண்டின் மேல்தோல் மெழுகை உறிஞ்சி உலர்த்திக் கொன்று விடும். நம் வீட்டு மூதாட்டிகள் பயறு விதையில் சாம்பல் கலந்தும், துவரைக்குச் செம்மண் கட்டியும் வைத்தார்களே, அதுவும் இந்த ஜாதி வித்தைதான்.

சரி, அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். "துருசு வேண்டாம்மா, இது நோவு இல்ல" என்றேன். நாற்றங்காலிலோ நேரடி விதைப்பிலோ படலம் தடித்துச் செதிலாக மிதந்து முளையை அமுக்கினால், ஒன்றிரண்டு நாள் தண்ணீரை வடித்து மண்ணைக் காய விடுங்கள். மணிச்சத்து உரத்தை மேலாகத் தூவாமல், சேடை ஓட்டும்போது மண்ணில் கலந்து விடுங்கள். மேலே தூவினால் பாசிக்குத்தான் முதல் விருந்து. மருந்து என்பது கடைசி வழி.

மேல்மண் பற்றிச் சொன்னேன்: இந்த உயிர்கள் வெளிச்சத்தை நம்பி வாழ்பவை. ஆகவே மேலே உள்ள சில மில்லிமீட்டரில்தான் இவற்றின் குடியிருப்பு. மண்புழுவும், மட்கும், நுண்ணுயிரும் ஏறத்தாழ மேல் சாண் மண்ணில்தான் அதிகம். ஏரி வண்டலும், ஆட்டுக்கிடையும், தொழு உரமும் போட்டு நம் முன்னோர் ஏற்றி வைத்த சொத்து அந்த ஓரடிதான். பாசி திரும்ப வந்துவிடும், காற்றும் தண்ணீரும் கொண்டு வந்து சேர்க்கும். மட்கு அப்படி வராது. அதற்குப் பல ஆண்டு ஆகும்.

அந்த அம்மா உடனே சரி என்று சொல்லவில்லை. "பொண்ணு காலேஜ் பணம் கட்டணும் சார், நீங்க சொல்றது புரியுது, ஆனா பணத்துக்கு எங்க போறது?" என்றார். எனக்குப் பதில் இல்லை. கடைசியில் அறுபது குழியில் இருபது குழி மண்ணை மட்டும் விற்றார். மீதி நாற்பதை நிறுத்தி வைத்தார். அடுத்த சம்பாவில் போய்ப் பார்த்தேன். மண் எடுத்த பக்கம் பள்ளமாகி, அக்கம்பக்கத்துத் தண்ணீர் எல்லாம் அங்கே நின்றது. நாற்று வெளிறிப் போயிருந்தது. ஒரே ரகம், ஒரே நாள் நடவு. வரப்புக்கு இந்தப் பக்கம் கருகரு என்று பயிர். "இப்பத்தான் சார் கண்ணுக்குத் தெரியுது" என்றார். அந்தப் பெண் படிப்பை முடித்து வேலைக்குப் போகிறாள் என்பதையும் சொல்ல வேண்டும். அவர் செய்தது தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மண் விற்ற பணம் ஒரு தரம்தான் வரும் என்பதை மட்டும் நீங்கள் கணக்கில் வையுங்கள். பள்ளமான பக்கத்துக்கு இப்போது ஆண்டுதோறும் ஏரி வண்டலும் தக்கைப்பூண்டும் போடச் சொல்லியிருக்கிறேன்.

ஏரி வண்டல் என்றேனே, அதையும் ஒரு வார்த்தை. சொர்ணாவூர் அணையிலிருந்து பங்காரு வாய்க்கால் பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணைத் தண்ணீரைக் கொண்டு வருகிறது. வில்லியனூர் பக்கம் ஊசுட்டேரிக்குச் சங்கராபரணி. புதுச்சேரிப் பகுதியில் 84 ஏரிகள் என்பது நம் கணக்கு. 1999இல் ஐரோப்பிய உதவியோடு இவற்றைச் சீர்செய்யும் திட்டம் தொடங்கி, ஏரிச் சங்கங்களும் ஏற்பட்டன. வாய்க்கால் தூர்ந்தால் ஏரி நிரம்பாது. ஏரி நிரம்பாவிட்டால் ஆழ்துளைக் கிணறு. கடலோரத்தில் ஆழ்துளைக் கிணறு அதிகமானால் உப்புத் தண்ணீர் ஏறும். மண்ணில் உப்பு ஏறினால் நன்னீர் டயாட்டம் போய், உப்பை விரும்பும் டயாட்டம் குடியேறும். பாசிக்கு நாம் கண் கொடுத்தால், பயிர் வாடுவதற்கு முன்பே அது நமக்குச் சேதி சொல்லும்.

கடைசியாக, பிள்ளைகள் கையால் செய்யக்கூடிய ஒரு சோதனை. கோடையில் காய்ந்த மேல்மண் ஒரு சிட்டிகை எடுங்கள். கண்ணாடித் தம்ளரில் போட்டு, மழைத் தண்ணீர் ஊற்றி, நேர் வெயில் படாத ஜன்னல் ஓரத்தில் வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் மண்மேல் பச்சையும் பழுப்புமாகப் படலம் தோன்றும். உங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியில் நுண்ணோக்கி இருந்தால் ஒரு சொட்டு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். செத்த மண் என்று நாம் மிதித்து நடந்ததில் கண்ணாடிப் படகுகள் ஓடுவதைப் பிள்ளைகள் பார்க்கட்டும். மேல்மண்ணுக்கு விலை பேச யாராவது வாசலுக்கு வரும் நாளில், அவர்கள் பார்த்தது நினைவுக்கு வரும்.